முதல் டி.எஸ்.எல்.ஆர்: பாடியில் மிச்சம் பிடி, பஸ் டிக்கெட்டில் போடு

திருப்பத்தூர் பக்கம் ஒரு கல்லூரி மாணவர் கைக்கு டி.எஸ்.எல்.ஆர் கேமரா வந்துவிட்டால், அடுத்த ஞாயிறு அவர் எங்கே போவார் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. ஏலகிரிதான். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, புங்கனூர் ஏரி, கூட வந்த நண்பர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ப்ரொஃபைல் படம், முடிந்தது. அதற்கடுத்த ஞாயிறு? அங்கேதான் சிக்கல். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கேமரா பீரோவில் துணிகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருக்கும். இ.எம்.ஐ மட்டும் மாதம் தவறாமல் விழித்துக்கொண்டிருக்கும் :-)

சிரிக்கலாம். ஆனால் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் கேமரா விலை என்பது வேறு கணக்கு. ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அம்மாவோ அக்காவோ காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். நாளெல்லாம் தைத்தும் ஒட்டியும் வாங்கும் சம்பளத்தில் மாதக் கணக்கில் எடுத்து வைத்தால்தான் ஷோகேஸில் இருக்கும் ஒரு புது டி.எஸ்.எல்.ஆர் வீட்டுக்கு வரும். அப்படிப்பட்ட பணத்தில் முதல் கேமரா வாங்கப் போகிறவர் "கேனனா நிக்கானா?" என்று ஆரம்பிப்பது தலைகீழாக ஆரம்பிப்பது. வாங்கினது அடுத்த வருஷமும் தோளில் தொங்குமா என்பதுதான் முதல் கேள்வி.

பயணப் படங்கள் எடுக்க ஆசைப்படும் மாணவருக்கு இங்கே சொல்லப்போகும் யோசனை இதுதான்: பாடி செகண்ட் ஹேண்டாக இருக்கட்டும். ஒரே ஒரு சின்ன, வெளிச்சம் அதிகம் உள்ளே விடும் லென்ஸ் நல்லதாக இருக்கட்டும். மிச்சப் பணம் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போகட்டும்.

இதைக் கேட்டதும் வரும் முதல் ஆட்சேபம், "செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" நியாயமான ஆட்சேபம்தான். பட்டப்பகலில் ஏலகிரி வியூ பாயிண்டில் நின்று எடுத்து, அதைச் செல்போனிலேயே பார்ப்பதாக இருந்தால் டி.எஸ்.எல்.ஆர் தேவையே இல்லை. வெறும் சுமை. ஆனால் ஷட்டர் எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும், லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் தானே முடிவெடுத்து, தப்பாகப் போய், மறுபடி எடுத்துக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. மலிவு என்பதற்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் அது இப்போதுதான் நடந்திருக்கிறது.

2003-ல் கேனன் 300டி வந்தபோது, ஆயிரம் டாலருக்குள் ஒரு டி.எஸ்.எல்.ஆர் என்பதே உலகச் செய்தி. அது 6 மெகாபிக்சல் கேமரா. 2006-ல் வந்த நிக்கான் டி40-யும் 6 மெகாபிக்சல்தான். பயணம் போகிறவர்கள் அதைத்தான் ஆசையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பிறகு 24 மெகாபிக்சல் வரை வந்தாயிற்று. 2018-ல் நிக்கான் இசட் வரிசையையும் கேனன் ஆர் வரிசையையும் கொண்டுவந்ததும், இரண்டு கம்பெனிகளின் கவனமும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் சாய்ந்துவிட்டது. 2020-ல் வந்த 1டிஎக்ஸ் மார்க் 3-தான் தங்களின் கடைசி உச்ச வரிசை டி.எஸ்.எல்.ஆர் என்று கேனன் தலைவரே 2021 டிசம்பரில் சொல்லிவிட்டார். புதுசு வந்தால் பழசை விற்பார்கள். நல்ல நிலையில் உள்ள டி.எஸ்.எல்.ஆர்கள் பெருநகரத்துப் பீரோக்களிலிருந்து வெளியே வருவது இதனால்தான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தேய்மானம் போடும்போது குறைந்து செல் மதிப்பு முறை என்று ஒன்று படிக்கிறோமே, அதில் முதல் வருஷங்களில்தான் பெரிய தொகை கழியும். கேமரா பாடியின் சந்தை விலையும் அப்படியே. அந்தப் பெரிய கழிவை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே தாங்கிவிட்டார். இரண்டாவதாக வாங்குபவர், வரைபடம் சரிந்து முடிந்து சமமாக ஓடும் இடத்தில் ஏறிக்கொள்கிறார். ஒரு வருஷம் வைத்திருந்து பிடிக்கவில்லை என்று விற்றாலும் பெரிய நஷ்டம் இருக்காது. லென்ஸ் விலை அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-லிருந்து வருகிறது, கேனனின் ஈ.எஃப் மவுன்ட் 1987-லிருந்து. நாளைக்கு மிரர்லெஸ் வாங்கினாலும், அந்தந்தக் கம்பெனியின் அடாப்டர் போட்டால் கேனனின் ஈ.எஃப் லென்ஸ்களும் நிக்கானின் ஏ.எஃப்-எஸ் லென்ஸ்களும் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். பாடி தேயும் சொத்து. லென்ஸ் கூடவே வரும் சொத்து.

ஆனால் கடைகளில் மாணவர்கள் தலையில் கட்டப்படுவது என்ன? டபுள் ஜூம் கிட். 18-55 ஒன்று, 55-250 ஒன்று, ஒரு பை, ஒரு மெமரி கார்டு, "நோ காஸ்ட்" இ.எம்.ஐ. இரண்டு லென்ஸ் கிடைக்கிறதே என்று மனசு துள்ளும். இரண்டுமே வெளிச்சம் குறைந்தால் திணறும் லென்ஸ்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரவுதான் தெரியும்.

எந்த லென்ஸ் வேண்டும் என்பதை யூட்யூப் விமர்சனங்களை வைத்து முடிவு செய்வதைவிட, போகப்போகும் இடங்களை வைத்து முடிவு செய்யலாம். பயணப் படம் என்றால் லடாக்தான் என்று யார் சொன்னது? 2019 நவம்பர் 28-ல் தனி மாவட்டமான திருப்பத்தூருக்குள்ளேயே மூன்று விதமான பரீட்சை இருக்கிறது.

ஜலகம்பாறையை எடுத்துக்கொள்வோம். ஏலகிரியின் மறுபக்கம், மழை பெய்தால்தான் அருவி. தண்ணீர் பட்டுத் துணி மாதிரி வழிய வேண்டுமானால் ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து அது நடக்காது. ட்ரைபாட் வேண்டும். லென்ஸ்? கிட் லென்ஸான 18-55 தாராளமாகப் போதும், ஏனென்றால் இங்கே வெளிச்சத்தைக் குறைக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கும். ஆக, கிட் லென்ஸ் மட்டம் என்று பேசுவதும் தப்பு. பகலில் அது நல்ல லென்ஸ்.

அடுத்தது ஆம்பூர், இரவு எட்டு மணி. பிரியாணிக் கடையில் தேக்சா மூடியைத் திறக்கிறார்கள், ஆவி எழும்புகிறது, மேலே ஒரு ட்யூப்லைட். கிட் லென்ஸில் 35 மி.மீ அளவில் எஃப்/4.5-க்கு மேல் திறக்காது. 35 மி.மீ எஃப்/1.8 லென்ஸ் என்றால் அதைவிட ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கிட் லென்ஸில் பத்தில் ஒரு நொடியில் ஆடிப்போகும் படம், இதில் அறுபதில் ஒரு நொடியில் நிற்கும். ஃப்ளாஷ் போடலாமே என்றால், போட்டால் ஆவி வெள்ளைச் சுவராகத் தெரியும், கரண்டி பிடித்திருப்பவர் கண்ணைச் சுருக்குவார். 50 மி.மீ லென்ஸ் இன்னும் மலிவு என்று பலர் அதை வாங்குகிறார்கள். முகங்கள் எடுக்க அருமையானது. ஆனால் சின்ன சென்சார் கேமராவில் அது 75 அல்லது 80 மி.மீ மாதிரி நெருக்கிக் காட்டும். சின்னக் கடைக்குள் நின்றால் பின்னால் நகர இடம் இருக்காது, முதுகு சுவரில் இடிக்கும். நிக்கான்காரர்களுக்கு 2009-ல் வந்த 35 மி.மீ எஃப்/1.8 டி.எக்ஸ் லென்ஸும், கேனன்காரர்களுக்கு 24 மி.மீ எஃப்/2.8 பான்கேக் லென்ஸும் இந்த ஊர்ச் சந்துகளுக்கு என்றே செய்தது போல இருக்கும். அந்தப் பான்கேக்கின் எடை 125 கிராம்தான். பரோட்டாகூட அதைவிடக் கனக்கும்.

சின்ன லென்ஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வட்டாரத்தில் தோல் தொழிற்சாலை கேட் முன்னால் கேமராவைத் தூக்கினால் வாட்ச்மேன் ஓடி வருவார். ஏன் என்பதற்கு வரலாறு இருக்கிறது. பாலாற்றில் தோல் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. பாலாற்றில் இங்கே எடுக்கும் ஒரு படம் வெறும் "சீனரி" இல்லை. அதில் ஊரின் சம்பளமும் இருக்கிறது, ஊரின் தண்ணீரும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் 250 மி.மீ லென்ஸை நீட்டிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று வேலை செய்கிறவர்களைச் சுடுவது உளவு பார்ப்பது மாதிரி. சின்ன லென்ஸ் என்றால் பக்கத்தில் போயே ஆக வேண்டும். பக்கத்தில் போனால் "அண்ணா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் டீ சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். படம் வராமல் போகலாம், ஆனால் வந்தால் அதில் இருப்பவர் கேமராவைப் பார்த்து நிற்பார்.

மூன்றாவது காவலூர். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து அங்கே இருக்கிறது. கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்த குறுங்கோளை 1988-ல் கண்டுபிடித்ததும் இங்கிருந்துதான். இதில் லென்ஸ் வாங்குபவருக்கு ஒரு சுவாரசியம் உண்டு. அந்த ராட்சதத் தொலைநோக்கியின் முதன்மை ஆடி எஃப்/3.25. நம் கிட் லென்ஸ் 18 மி.மீ-யில் எஃப்/3.5. எண்ணைப் பார்த்தால் அண்ணன் தம்பி! ஆனால் கிட் லென்ஸின் துளை அங்கே ஐந்து மி.மீ சொச்சம், தொலைநோக்கியின் வாய் இரண்டேகால் மீட்டருக்கு மேல். மங்கலான ஒரு விண்மீனிலிருந்து எவ்வளவு ஒளி திரட்ட முடியும் என்பதை அந்த வாயின் அகலம்தான் தீர்மானிக்கிறது. 35 மி.மீ எஃப்/1.8-ல் துளை 19 மி.மீ-க்கு மேல் விரியும். பிரியாணிக் கடைக்கு வாங்கிய லென்ஸ் ஓரியனுக்கும் உதவும் என்பதன் காரணம் இதுதான்.

கிட் லென்ஸோடும் முயற்சி செய்யலாம். ட்ரைபாட், 18 மி.மீ, லென்ஸை முழுக்கத் திறந்து, ஐ.எஸ்.ஓ 3200, பதினைந்து நொடி. இருபதுக்கு மேல் போனால் பூமி சுற்றுவது விண்மீன்களில் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். வானாய்வக வளாகத்துக்குள் வெளிச்சம் அடிப்பதே கூடாது, படமெடுக்க முதலில் அனுமதி கேட்க வேண்டும். சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுவது அங்கே வழக்கம், கிளம்பும் முன் விசாரித்துவிடுவது நல்லது. அந்தப் பக்கம் கிராமத்தில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

மாவட்ட எல்லையைத் தாண்டி வேலூர்க் கோட்டைக்குப் போனாலும் இதே கணக்குதான். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் நிறுத்தத் தனி அனுமதி வேண்டும். ஜலகண்டேசுவரர் கோயில் மண்டப நிழலில் கையில் பிடித்து எடுக்க, நன்றாகத் திறக்கும் லென்ஸ்தான் துணை.

இனி பாடி. கேனன் நிக்கான் சண்டையில் அணி சேர்வதற்குப் பதிலாக, பக்கத்து வீட்டு அண்ணனிடமோ ஊர் ஸ்டுடியோவிலோ எது இருக்கிறது என்று பார்ப்பது புத்திசாலித்தனம். லென்ஸ் கடன் கிடைக்கும், சந்தேகம் கேட்கவும் ஆள் கிடைக்கும். யாரும் இல்லை, ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நிக்கான் டி5300. 2013-ல் வந்தது, 24 மெகாபிக்சல், திருப்பித் திருப்பிப் பார்க்கும் திரை, எடுத்த இடத்தைப் படத்திலேயே பதியும் ஜி.பி.எஸ் உள்ளேயே இருக்கிறது (பேட்டரியை அது தின்னும் என்பது வேறு விஷயம்). சென்சாரை உதறித் தூசி தட்டும் வசதியும் உண்டு. பின்னால் வந்த டி3400, டி3500-ல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். டி3500-க்கு வேறு பெருமை: வெறும் பாடி 365 கிராம், ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது கம்பெனி கணக்கு. மலையில் ப்ளக் பாயிண்ட் தேடாதவர்களுக்கு அது. கேனனில் 2017-ன் 200டி நல்ல தேர்வு, திரையைப் பார்த்து எடுக்கும்போது வேகமாக ஃபோகஸ் ஆகும். 3000டி-யை மட்டும் தவிர்க்கலாம். லென்ஸ் மாட்டும் வளையமே அதில் ப்ளாஸ்டிக். நான்கைந்து லென்ஸ் மாட்டிக் கழற்றிக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அது எதற்கு?

நிக்கான் பழைய பாடிகளில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. "50 மி.மீ சல்லிசாக் கிடைக்குது" என்று டி என்ற எழுத்து போட்ட பழைய லென்ஸை வாங்கினால் கையால் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஏ.எஃப்-எஸ் என்று இருக்க வேண்டும். இன்னொன்று, ஏ.எஃப்-பி என்ற புது வகை கிட் லென்ஸ் டி3100, டி3200-ல் ஃபோகஸே ஆகாது. டி5300-ல் மென்பொருளைப் புதுப்பித்தால் ஆகும்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் வீட்டில் பயப்படுவார்கள். பயப்படுவதும் சரிதான், அதனால் கூரியரில் வரவழைக்கவே கூடாது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. எந்தப் பக்கம் போனாலும் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். இரண்டு பெருநகரத்துச் சந்தைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது இந்த ஊருக்குக் கிடைத்த வரம். போகும்போது பையில் ஒரு மெமரி கார்டும் டார்ச்சும் இருக்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் பார்த்தால் பூஞ்சை சிலந்தி நூல் மாதிரி தெரியும். தெரிந்தால் என்ன விலைக்கும் வேண்டாம். எஃப்/22 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். தூசியைத் துடைத்துவிடலாம், கீறலைத் துடைக்க முடியாது. நிக்கானில் இதுவரை எத்தனை முறை ஷட்டர் அடித்தது என்பது படத்தின் தகவலிலேயே இருக்கும். கேனனில் அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். டி3500-ன் ஷட்டரை 1 லட்சம் அடி வரை சோதித்திருக்கிறார்கள், அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து உலோகம் பளபளத்தால், விற்பவர் "வீட்டுக்குத்தான் வெச்சிருந்தேன்" என்று என்ன சத்தியம் செய்தாலும், அது கல்யாண மண்டபங்களாகப் பார்த்த கேமரா.

பில் மிக முக்கியம். அதில் உள்ள சீரியல் எண்ணும் பாடியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒருவர் ரயிலில் தொலைத்த கேமராவாக இருக்கலாம்.

கணக்குக்கு 40,000 ரூபாய் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புது டபுள் ஜூமில் எல்லாவற்றையும் போட்டால் மறுநாள் பஸ்ஸுக்குக் காசில்லை. அதையே பாடிக்கும் கிட் லென்ஸுக்குமாகப் பாதி, சின்ன லென்ஸுக்குக் கால்பங்கு, ட்ரைபாட் கார்டு வகையறாவுக்குக் கொஞ்சம் என்று பிரித்தால் ஐந்தாயிரமாவது மீந்து நிற்கும். அந்த ஐந்தாயிரம் இந்த மாவட்டத்து டவுன் பஸ்களில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கும். மூலதனச் செலவையே பார்த்துவிட்டு நடைமுறைச் செலவுக்கு ஒதுக்காத கம்பெனி என்ன ஆகும் என்று இரண்டாம் செமஸ்டரிலேயே படித்தாயிற்று.

கடைசியாக ஒரு உள்ளூர் விஷயம். தோல் ஊரில் இருந்துகொண்டு கேமராவுக்கு ஒரு நல்ல தோல் பை தைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். தோளில் மாட்டும் பட்டை வேண்டுமானால் தோலில் இருக்கட்டும். மாதக் கணக்கில் லென்ஸை உள்ளே வைத்துப் பூட்டத் தோல் பை ஆகாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரம் இருந்தால் கண்ணாடியில் பூஞ்சை ஏறும். ஐப்பசி மழையில் தோல் எப்படிப் பூக்கும் என்பது ஆம்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சமையலறையில் இருக்கும் காற்றுப் புகாத ப்ளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் புதுசாக உள்ளே போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றினால் ஆயிற்று. அந்தப் பொட்டலம் கிடைக்காத வீடு இந்த ஊரில் இருக்கிறதா என்ன?